குத்தகை நிலத்துக்குத் தக்கைப்பூண்டு போட்டால் லாபம் யாருக்கு?

தாளடி:
திருவாரூர் பக்கம் குத்தகைக்கு நிலம் பார்க்கிறேன். வேளாண்மைத் துறையில் தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப்பயிர்) விதை மானியத்தில் கிடைக்கிறது. வாங்கலாமென்றால், "எவன் நிலத்துக்கோ நாம எதுக்கு உரம் சேர்க்கணும்" என்கிறார் அப்பா. போடலாமா?

வண்டல்காரன்:
தாராளமா போடுங்க தம்பி. கோடை மழையில் ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூ எடுக்கும் சமயம் மடக்கி உழுதால் சம்பாவுக்கு யூரியா கணிசமாகக் குறையும். முற்ற விட்டுவிடாதீங்க, தண்டு நார் பாய்ந்தால் சீக்கிரம் மக்காது.

கணக்குப்புலி:
அந்தக் "கணிசத்தை" ரூபாயில் சொல்லுங்க அண்ணே. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ. கிலோ 13 ரூபாய்கூட ஆகவில்லை! பூண்டு இரண்டு மூட்டையை மிச்சப்படுத்தினாலும் 533 ரூபாய்தான். உழவுக்கூலிக்கே காணாது. 2010-இல் உரங்களுக்குச் சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியாவை மட்டும் அதில் சேர்க்கவில்லை. டிஏபி, பொட்டாஷ் உரங்களின் விலை ஏறியது, யூரியா அப்படியே நின்றது. மலிவானதை அள்ளிப் போடுகிறவனிடம் போய் மண்வளம் பேசி என்ன பயன்?

வண்டல்காரன்:
தழைச்சத்தை மட்டும் நிறுத்தால் அப்படித்தான் வரும். கடைசித் தண்ணி வராத வருஷம் பக்கத்து வயல் வெடிப்பில் கை நுழைந்தது, பூண்டு மடக்கிய எங்க வயலில் மெல்லிய கீறல்தான். அதற்கு எந்த மூட்டையில் விலை போட்டிருக்கு? அப்புறம் வைக்கோல். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாஷில், பெரும்பங்கு அதில்தான் நிற்கிறது. கட்டு கட்டி லாரியில் ஏற்றும்போது பொட்டாஷும் சேர்ந்தே போகிறது.

கணக்குப்புலி:
வைக்கோல் காசு இல்லாமல் அறுவடை மெஷின் வாடகையை யார் கொடுப்பது? நீங்க சொந்த நிலத்துக்காரர், பத்து வருஷம் காத்திருப்பீங்க. தம்பிக்கு வாய்மொழிக் குத்தகை, ஒரு மா நிலத்துக்கு இத்தனை மூட்டை நெல் என்று அளக்கணும். விளைச்சல் கூடினால் அடுத்த வருஷம் மூட்டையும் கூடும். குத்தகையைப் பதிய 1969-லேயே சட்டம் வந்தாச்சு. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்து நிலத்துக்காரர்கள் ஆளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்.

படுவான்கரை:
இலங்கை மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். இங்கே 2021 மே மாதம் இரசாயனப் பசளை (உரம்) இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தினார்கள். மண்ணுக்கு நல்லது என்றுதான் சொன்னார்கள். நவம்பரில் தடையைத் தளர்த்துவதற்குள் பெரும்போகம் என்ற முக்கிய நெற்பருவம் தொடங்கிவிட்டது. நட்டம் வயல்காரன் தலையில்.

வண்டல்காரன்:
யூரியாவை நிறுத்தச் சொன்னேனா? குறைக்கச் சொன்னேன். இரண்டும் ஒன்றில்லையே.

ஊர்ல_நிலம்:
நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் சென்னைவாசி நான். விதைக் காசு கேட்டால் கொடுக்கலாம், தப்பில்லை. ஐந்து வருஷத்துக்கு எழுதிக் கொடு என்றால் மாட்டேன்.

தாளடி:
உழவுக்கூலி சார்?

ஊர்ல_நிலம்:
அது பயிர் வைக்கிறவர் செலவு இல்லையா?

கணக்குப்புலி:
மானியம் போக மிச்ச விதைக் காசைக் கொடுத்துவிட்டு மண்வளத்தை முழுசாக வாங்கிக்கொள்கிறீர்கள். நல்ல வியாபாரம்!

தாளடி:
சரி, உழவுக்கூலியைக் குத்தகை மூட்டையில் கழித்துக்கொள்கிறேன் என்று நிலத்துக்காரரிடம் கேட்கப்போகிறேன். ஒத்துக்கொண்டால் தக்கைப்பூண்டு, இல்லாவிட்டால் யூரியா.