மாணவர் மன்ற நிதி: மாதிரி நீதிமன்றப் போட்டிக்கா, கிராமச் சட்ட உதவிக்கா?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் சட்டக் கல்லூரி மாணவர் மன்றத்தின் பொதுக்குழு வரும் சனிக்கிழமை கூடுகிறது. இந்த ஆண்டு நிதியில் பெரும்பங்கை வெளிமாநில மாதிரி நீதிமன்றப் போட்டிகளுக்கு (கற்பனை வழக்கு ஒன்றில் மாணவர்கள் வக்கீல்களாக வாதாடும் போட்டிகள்) ஒதுக்கும் தீர்மானம் ஒன்று வந்திருக்கிறது. அதை நான் எதிர்க்கிறேன். போட்டிக்குப் போவது இரண்டு மூன்று பேர் கொண்ட அணி. அவர்களுடைய பதிவுக் கட்டணமும் ரயில் டிக்கெட்டும் எல்லா மாணவர்களும் கட்டிய சந்தாவிலிருந்து போகிறது. அந்தப் பணத்தில் நீடாமங்கலம், வலங்கைமான் பக்கத்துக் கிராமங்களுக்குச் சட்ட உதவிக்காக ஆண்டு முழுவதும் போய்வரலாம். சட்டக் கல்லூரிகளில் சட்ட உதவி மையங்கள் அமைய வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டமே சொல்கிறது. எங்கள் மையத்தில் ஒரு மேசையும் பூட்டிய அலமாரியும் இருக்கின்றன.

பொன்னி:
இறுதியாண்டு மாணவி நான். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருத்தி. கிராமத்தில் நடத்தும் சட்ட உதவி முகாமை நானும் பார்த்திருக்கிறேன். பேனர் கட்டுவார்கள், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம் பேசுவார், குழுப்படம் எடுப்பார்கள், பஸ் கிளம்பிவிடும். வெயிலில் உட்கார்ந்திருந்த பெண்கள் கொண்டுவந்த தாளை யாரும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

மாதிரி நீதிமன்றத்தில் அப்படித் தப்ப முடியாது. ஒரே பிரச்சினைக்கு மனுதாரர் தரப்பிலும் எதிர்மனுதாரர் தரப்பிலும் வாதுரை எழுத வேண்டும். எந்தத் தீர்ப்பு, எந்தப் பத்தி என்று நடுவர் இடைமறித்துக் கேட்பார். படிக்காமல் போனால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் அப்பா நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்துக்கு எந்த வக்கீலையும் தெரியாது. ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரப் பயிற்சி கட்டாயம் என்கிறது இந்திய பார் கவுன்சில் விதி. யாரிடம் போய் நிற்பது? ஒரு போட்டியில் என் வாதத்தைக் கேட்ட நடுவர்தான் தம் அலுவலகத்துக்கு அழைத்தார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு தானாகத் திறக்கும். எனக்கு மன்ற நிதிதான் திறந்தது. அதை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

குடமுருட்டி:
பொன்னி அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அணித் தேர்விலேயே என்னைப் போன்றவர்கள் வெளியே போய்விடுகிறோம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலத்தில் தடுமாறினால் பெயரை அடித்துவிடுகிறார்கள். மன்னார்குடி நீதிமன்றத்திலும் திருவாரூர் நீதிமன்றத்திலும் சாட்சி பேசுவது தமிழில்தான். பிறகு ஏன் கல்லூரிக்குள் தமிழில் ஒரு போட்டிகூட நடப்பதில்லை?

மூத்த வழக்கறிஞர், கும்பகோணம்:
தம்பிகளே, இரண்டு தரப்பும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். சட்ட உதவி என்று கிளம்பி, கெடு தவறவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒரு கல்லூரி முகாமில் நிலத்தகராறு வழக்கின் தீர்ப்பு நகலை மாணவர்கள் வாங்கிக்கொண்டார்கள். “பார்த்துச் சொல்கிறோம்” என்று போனார்கள். பருவத் தேர்வு வந்துவிட்டது. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். அந்தப் பெரியவர் என்னிடம் வந்தபோது கெடு தாண்டியிருந்தது. தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப்போட்டு, காரணம் சொல்லி, அதற்கே பல வாய்தா அலைந்தோம். வக்காலத்துப் போட மாணவருக்கு அதிகாரமில்லை, 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவு செய்த வழக்கறிஞர்தான் போட முடியும். அப்படியிருக்க, தாளைக் கையில் வாங்குகிறவன் அதை அன்றே, இலவசச் சட்ட உதவி தரும் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் சேர்க்க வேண்டும். முடியாதென்றால் வாங்கவே கூடாது.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, நீங்கள் சொன்னதை மறுக்க வழியில்லை. அதனால்தான் ஒருநாள் முகாம் வேண்டாம், மாதந்தோறும் அதே கிராமத்துக்குப் போக வேண்டும் என்கிறேன். அதற்குத்தான் பணம் கேட்கிறேன்.

போன சம்பா அறுவடைக்குப் பிறகு நாங்கள் போன ஊரில் ஓர் அம்மா மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே நிலத்துக் குத்தகை ரசீதுகள், ஈரம் பட்டு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. திண்ணையில் பரப்பி ஆண்டு வாரியாக அடுக்கினோம். நடுவில் சில ஆண்டுகள் இல்லை. “நெல்லாக அளந்தேன், சீட்டுத் தரவில்லை” என்றார். நிலுவை என்று சொல்லி நிலத்தை விடச் சொல்கிறார்களாம். 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தெரியாது. நிலத்துக்காரர் வாங்க மறுத்தால் குத்தகையை நீதிமன்றத்தில் கட்டலாம், நிலுவை இருந்தாலும் அதைக் கட்ட அவகாசம் கேட்கலாம் என்பதும் தெரியாது. தாமோ குடும்பத்தாரோ உடலுழைப்புச் செய்கிறவர்தான் சாகுபடிக் குத்தகைதாரர். அந்த அம்மாவின் கைகளைப் பார்த்தாலே போதும், ஆனால் நீதிமன்றம் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு) கேட்கும். அடங்கல் நகல் கேட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடம் நாங்கள் போனோம். பெண் என்பதால் வருமான வரம்பு பாராமலே அவருக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. வட்டக் குழுவில் மனுவை அன்று மாலையே கொடுத்தோம்.

பொன்னி:
இப்படி வேலை செய்திருந்தால் மதிக்கிறேன். ஆனால் அந்த அடங்கலை வைத்து என்ன வாதாடுவது என்று உங்கள் குழுவில் எத்தனை பேருக்குத் தெரியும்? எதிர்த்தரப்பு வக்கீல் “கூலி ஆள் வைத்துத்தானே பயிர் செய்தீர்கள்” என்று குறுக்கு விசாரணையில் கேட்பாரே, அதற்கு அவரைத் தயார்செய்ய வேண்டாமா? அந்தப் பயிற்சி போட்டியில்தான் கிடைக்கிறது.

மூத்த வழக்கறிஞர், கும்பகோணம்:
குறுக்கு விசாரணை நீங்கள் போகும் போட்டிகளில் கிடையாதம்மா. அங்கே பெரும்பாலும் மேல்முறையீட்டு வாதம்தான். சாட்சியை விசாரிக்கக் கற்க வேண்டுமானால் இங்கே வந்து நீதிமன்றத்தில் உட்காருங்கள். இரண்டு விசாரணைகளைப் பார்த்து எழுதுவதற்குப் பாடத்திட்டத்திலேயே 30 மதிப்பெண் இருக்கிறது. பலர் நண்பனின் நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறார்கள்.

ஒரு மாணவரின் தந்தை, மயிலாடுதுறை:
போட்டியோ முகாமோ, வருகைப் பதிவு 70 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும். என் மகனுக்கு ஏற்கெனவே இரண்டு அரியர். மன்றம் நிதியைப் பிரிக்கும்போது நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

குடமுருட்டி:
அந்த அம்மாவின் வழக்கைப் பெயர் மாற்றி, ஊர் மாற்றி, தமிழில் ஒரு மாதிரி விசாரணையாக நடத்தலாமே. சாட்சிக் கூண்டும் குறுக்கு விசாரணையும் வைத்து நடத்தலாம். ரயில் டிக்கெட் தேவையில்லை.

பொன்னி:
நடத்துங்கள். எதிர்த்தரப்புக்கு நான் வாதாடுகிறேன். ஆனால் வெளிமாநிலப் போட்டிக்கான தொகையைக் குறைக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த ஆண்டு என் இடத்துக்கு வருகிற கூலித் தொழிலாளி மகளுக்கு அது வேண்டும்.

வெண்ணாற்றங்கரை:
நான் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன். அணியில் ஓர் இடம் தமிழ் வழியில் படித்தவருக்கு. முகாமில் வாங்கும் ஒவ்வொரு தாளுக்கும் தேதி, கெடு, கொடுத்த அலுவலகம் எழுதிய பதிவேடு. அதைப் பார்த்துக்கொள்ள இரண்டாமாண்டு மாணவர் இருவர், நாங்கள் படிப்பு முடிந்து போன பிறகும் தொடர்வதற்காக. தொகையைப் பற்றி வாக்கெடுப்புத்தான்.