புதுப்பிப்பு: வாடகை, கரண்ட் பில்லை இரண்டு பிரிவுக்கும் பிரிப்பது

போன பதிவில் நான் கேட்டது: எங்கள் பனியன் யூனிட்டின் செலவுகளைத் தையல், பிரிண்டிங் என்று பிரிக்க வேண்டும், வங்கிக்கு வரும் ஆண்டுகளின் கணக்கும் கொடுக்க வேண்டும், எதை எந்தப் பெயரில் எழுதுவது? பதில் போட்டவர்களுக்கு நன்றி. ஆடிட்டரிடமும் பேசியாயிற்று.

பிரிண்டிங் மை, அந்த ஆட்களின் கூலி முழுவதும் ஒரே பிரிவுக்குப் போவதால் அது அலோகேஷன். வாடகை இரண்டுக்கும் பொது. சதுர அடிக் கணக்கில் பங்கு போட்டால் அப்போர்ஷன்மென்ட். கரண்டுக்குத் தனி மீட்டர் இருந்தால் அதுவும் அலோகேஷன்தான். எங்களிடம் இல்லை, அதனால் மோட்டாரின் குதிரைத்திறனை ஓடிய மணி நேரத்தால் பெருக்கிப் பிரிக்கிறோம். அப்புறம், பிரிவுக்கு வந்து சேர்ந்த மேற்செலவை (வாடகை, கரண்ட் மாதிரி நேரடியாக ஒரு பீஸின் பேரில் எழுத முடியாத செலவை) பீஸுக்கு இவ்வளவு, மெஷின் மணிக்கு இவ்வளவு என்று ஏற்றுவது அப்சார்ப்ஷன். மூன்றையும் அலோகேஷன் என்றே எழுதுபவர்கள் நிறைய. பீஸ் அடக்கம் ஏன் ஏறியது என்று தேடும்போதுதான் தலைவலி.

வங்கிக்கான சிஎம்ஏ அறிக்கையில் (கடனுக்காக வங்கி கேட்கும் நிதிக் கணக்கு) நடப்பு ஆண்டு ‘எஸ்டிமேட்டட்’ (மதிப்பீடு), அடுத்தவை ‘புரொஜெக்டட்’ (எதிர்பார்க்கும் கணக்கு). பட்ஜெட் நமக்கு நாமே வைக்கும் இலக்கு, அதை அப்படியே அங்கே ஒட்ட வேண்டாம் என்றார் ஆடிட்டர். சரிதான். சூப்பர்வைசர் சம்பளத்தை எந்த விகிதத்தில் பிரிப்பது என்பது மட்டும் பாக்கி. ஆள் எண்ணிக்கையில் போடலாம் என்றிருக்கிறேன்.