இன்டர்ன்ஷிப்பை ஒரே வரியில் எழுதிவிட்டேன், ரெஸ்யூமே எடுபடவில்லை

ஜூரோங்வாசி:
வணக்கம். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்து, சிங்கப்பூரில் வேலை தேடுகிறேன். கேன்வா என்ற வடிவமைப்புத் தளத்தில், பக்கத்தை இரண்டு நெடுவரிசையாகப் பிரித்து, புகைப்படத்தோடு 2 பக்க ரெஸ்யூமே செய்து அனுப்பி வருகிறேன். ஒரு அழைப்பும் இல்லை. 6 மாத இன்டர்ன்ஷிப்புக்கு ‘பம்ப் பராமரிப்பில் உதவினேன்’ என்று எழுதியிருக்கிறேன். ஐசி (அடையாள அட்டை) நம்பர், என்எஸ் (கட்டாய தேசிய சேவை) எல்லாம் போட வேண்டுமா?

கிளமென்டிஅக்கா:
முதலில் ஒரு சோதனை செய்யுங்கள் தம்பி. பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வலப்பக்கத் திறன்கள் இடப்பக்க வேலை விவரத்துக்குள் புகுந்து குழம்பியிருந்தால், விண்ணப்பங்களைப் படிக்கும் மென்பொருளும் பெரும்பாலும் அப்படித்தான் படிக்கும். வேர்டில் ஒரே நெடுவரிசையாக, 10.5 அல்லது 11 அளவு எழுத்தில், ஏ4 ஒரு பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். போன் நம்பரை ஹெடரில் (பக்கத்தின் மேல் ஓரப் பகுதியில்) வைக்காதீர்கள், சில மென்பொருள்கள் அதைப் படிக்காமல் விட்டுவிடும்.

எண்ணும்எழுத்தும்:
‘உதவினேன்’ என்ற சொல்தான் கெடுக்கிறது. கருவியைப் பிடித்தீர்களா, அளவெடுத்தீர்களா, பக்கத்தில் நின்றீர்களா, எதுவும் தெரியவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘12 பம்புகளின் அதிர்வை வாரந்தோறும் அளந்து எக்செல்லில் பதிந்தேன், வரம்பு மீறிய 2 பம்புகளில் பேரிங் தேய்மானம் கண்டறியப்பட்டு மாற்றப்பட்டது.’ எத்தனை, எதைக் கொண்டு, என்ன ஆனது, மூன்றும் வந்துவிட்டன. இதுபோல 3 அல்லது 4 வரி போதும். இறுதியாண்டு புராஜெக்டையும் இதே முறையில் எழுதுங்கள். குழுவில் நால்வர் இருந்தால் உங்கள் பங்கை மட்டும் சொல்லுங்கள்.

கிளமென்டிஅக்கா:
ஐசி நம்பர் வேண்டாம். சட்டப்படி தேவைப்பட்டால் அல்லது ஆளை உறுதியாக அடையாளம் காண வேண்டியிருந்தால் தவிர, முழு எண்ணை நிறுவனங்கள் கேட்கக்கூடாது என்பது 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள வழிகாட்டுதல். புகைப்படம், வயது, மதம், திருமண நிலையும் வேண்டாம். சிங்கப்பூரரா பிஆரா (நிரந்தரவாசியா) என்று ஒரு சொல் போடலாம், வேலை அனுமதி பற்றிய சந்தேகம் தீரும். என்எஸ்ஸுக்கு இரண்டு வரி. செக்‌ஷன் கமாண்டராக இருந்திருந்தால் எத்தனை பேரை நடத்தினீர்கள் என்பதையும் சேருங்கள். ஜிபிஏ (சராசரி தரப்புள்ளி) எழுதினால் ‘5-க்கு 4.1’ என்று உச்ச அளவோடு எழுதுங்கள், ஏனென்றால் உச்சம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, எஸ்எம்யூ பல்கலைக்கழகத்தில் உச்சம் 4.

ஜூரோங்வாசி:
நன்றி அக்கா. எண்ணிக்கை சரியாக நினைவில் இல்லையே?

எண்ணும்எழுத்தும்:
கல்லூரிக்குக் கொடுத்த இன்டர்ன்ஷிப் அறிக்கையிலும் லாக்புக்கிலும் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் ‘சுமார் 10’ என்று எழுதுங்கள். ஊகித்து 35% மிச்சம் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதுதான் நேர்காணலில் முதல் கேள்வியாக வரும்.