ராவ்-4க்கு ஓல்வெதர் ஒரு செற் காணுமோ, வின்ரருக்கு வேற செற் வேணுமோ?

அஜக்ஸ்_அப்பா
வாகனம் 2020 ரொயோட்டா ராவ்-4, ஏடபிள்யூடி (நாலு சில்லும் இழுக்கிறது). வாங்கேக்க வந்த ஓல்சீசன் (கடும் வின்ரருக்கு எண்டு செய்யாத) ரயர்தான் இன்னும் கிடக்கு, அளவு 225/65ஆர்17 102எச். தரையில படுற ரப்பர்க் கட்டையளின்ர ஆழம் அளந்தால் 4/32 அங்குலம், ஏறக்குறைய 3 எம்எம். கொண்டோவில இருக்கிறம், நாலு ரயர் அடுக்கி வைக்க லொக்கரில இடம் காணாது. ஓட்டம் பெரும்பாலும் அஜக்ஸ் - ஸ்காபரோ, ஒன்ராறியோவின்ர 401 நெடுஞ்சாலையில. பின் சீற்றில ரெண்டு பிள்ளையள். வின்ரரில ரெண்டு மூண்டு தரம் மொன்றியல் போய்வரவேணும். வருசம் முழுக்கப் போட்டு வின்ரரிலயும் ஓடலாம் எண்டு சொல்லுற ஓல்வெதர் ஒரே செற் போட்டால் காணுமோ? இன்னொண்டு, இப்ப முன்னுக்கு ரெண்டை மட்டும் மாத்திப்போட்டு பின்னுக்கு அடுத்த வருசம் மாத்தலாமோ?

நட்டும்_போல்ட்டும்
ரெண்டாவது கேள்விக்கு முதல்ல மறுமொழி: அப்பிடி மாத்தவே கூடாது. உந்த அளவு ரயரின்ர சுற்றளவு கிட்டத்தட்ட 2275 எம்எம். புதுசு 10/32, பழசு 4/32 எண்டால் ஆரையில 4.8 எம்எம் வித்தியாசம், சுற்றளவில 30 எம்எம். அதாவது நேர் ரோட்டில போகேக்கயும் முன் அச்சும் பின் அச்சும் 1.3 வீதம் ஒத்துவராமல் சுத்தும். பின் டிஃபரன்சலுக்கு முன்னால இருந்து பின் சில்லுகளுக்கு இழுவையைக் குடுக்கிற கப்ளிங்குக்கு அது ஓய்வில்லாத உரசல், சூடு. நாலையும் ஒண்டா மாத்துங்கோ.

முதல் கேள்விக்கு: ரெண்டு செற். ஓல்வெதர் ரயரின்ர பக்கச் சுவரில மூண்டு முகடு உள்ள மலையும் அதுக்குள்ள ஒரு ஸ்நோப் பூவும் இருக்கிற முத்திரையைக் காட்டி, இது வின்ரருக்கும் சரி எண்டு கடைக்காரர் சொல்லுவினம். அந்த முத்திரைக்கு என்ன சோதனை தெரியுமோ? நடுத்தரமா அமத்தின ஸ்நோவில, அளவுகோலா வச்சிருக்கிற ஒரு ரயரை விட முன்னுக்கு இழுக்கிற பிடி 10 வீதமாவது கூட இருக்கவேணும். அவ்வளவுதான். பிறேக் அடிச்சுப் பாக்கிறேல்லை, வளைவில பாக்கிறேல்லை, ஐஸில பாக்கிறதே இல்லை. ஏடபிள்யூடியும் அப்பிடித்தான். வெளிக்கிட உதவும், நிப்பாட்ட உதவாது.

மோர்க்குழம்பு_மிசிசாகா
அண்ணா, சோதனையைப் பத்தி சொன்னது சரி. ஆனா வின்டர் டயருக்கும் அதே முத்திரை, அதே சோதனைதான். அதை வெச்சு ஒண்ணை ஒசத்தி ஒண்ணைத் தாழ்த்த முடியாது, ஒவ்வொரு டயரையும் தனியாப் பாக்கணும். மிஷலின் கிராஸ்கிளைமேட் 2, நோக்கியன் ரெமெடி டபிள்யூஆர் ஜி5, டோயோ செல்சியஸ் 2, பிரிட்ஜ்ஸ்டோன் வெதர்பீக், நாலும் இந்த அளவுல வருது.

அவர் ஓட்டறது 401. அங்க வின்டர்னா பெரும்பாலான நாள் என்ன? உப்புத் தண்ணி, சேறு மாதிரி ஸ்லஷ், மிச்ச நேரம் வெறும் ஈர ரோடு. 5 டிகிரியில ஈர ரோட்டுல பிரேக் அடிச்சா மெத்துனு இருக்கற வின்டர் டயர் ஆல்வெதரை விடத் தள்ளிப் போய்த்தான் நிக்கும். அப்புறம் நவம்பர் முதல் ஸ்நோ. அன்னிக்குத்தான் ஊரே கடைக்கு போன் போடும், அப்பாயின்ட்மென்ட் மூணு வாரம் தள்ளிக் கிடைக்கும். அந்த மூணு வாரமும் தேஞ்ச ஆல்சீசன்ல ஓட்டறதை யாரும் கணக்குல சேக்கறது இல்லை. ஆல்வெதர்காரருக்கு அந்தக் கவலையே கிடையாது.

நட்டும்_போல்ட்டும்
தம்பி, 0க்கு ஒட்டின குளிர் எண்டால் சுகம் எண்டு நினைக்கிறீர். உண்மையில அதுதான் மோசம். -20இல ஐஸ் காய்ஞ்சு இறுகிக் கிடக்கும், ஓரளவு பிடிக்கும். -1இல ஐஸுக்கு மேல ஒரு மெல்லிய தண்ணிப் படை நிக்கும். அந்தத் தண்ணியை உறிஞ்சவோ வெட்டி விலத்தவோ ஏலாத ரயர் வழுக்கிக்கொண்டே போகும். வின்ரர் ரயர் சிலதின்ர ரப்பரில கண்ணுக்குத் தெரியாத துளையள் இருக்கிறதும், கட்டைகளில மயிரிழை மாதிரி வெட்டுகள் நெருக்கமா இருக்கிறதும் அதுக்காகத்தான். ஓல்வெதரில அந்த வெட்டுகள் குறைவு, ரப்பரும் இறுக்கம். யூலையில 33 டிகிரித் தாரிலயும் அது தாங்கவேணுமே! அதிகாலை பாலத்துக்கு மேல, இறக்கத்துச் சிக்னலடியில, அங்கதான் வித்தியாசம் தெரியும்.

மொன்றியல்_மாமி
ரெண்டு பேரும் ஒரு கேள்வி கேக்க மறந்திட்டியள். வருசத்துக்கு எத்தினை கிலோமீற்றர்? அது தெரியாமல் இந்த வாக்குவாதம் முடியாது.

அதுக்கு முதல், சட்டம். கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 மட்டும் அந்த மலை முத்திரை உள்ள ரயர் கட்டாயம், ஓல்வெதரும் அதுக்குள்ள அடங்கும். ஆனால் அது கியூபெக்கில பதிஞ்ச வாகனத்துக்கு. ஒன்ராறியோ பிளேற்றோட வாறவரை அது கட்டாது. அதுக்காகத் தேய்ஞ்ச ஓல்சீசனோட இஞ்ச வராதையுங்கோ!

காப்புறுதி: 2016 ஜனவரி 1இல இருந்து ஒன்ராறியோவில வின்ரர் ரயருக்கு எல்லாக் கொம்பனியும் கழிவு குடுக்கவேணும். ஓல்வெதரை வின்ரர் ரயரா ஏற்கிறதோ இல்லையோ எண்டது கொம்பனிக்குக் கொம்பனி மாறும். புரோக்கரிட்ட ஈமெயிலில கேட்டு, மறுமொழியைக் கையில வச்சுக்கொண்டு வாங்குங்கோ.

அஜக்ஸ்_அப்பா
வருசத்துக்கு 14,000 கி.மீ. அதுக்கு மேல போகாது, மாமி.

மொன்றியல்_மாமி
அப்ப கணக்குப் பாப்பம். கிராஸ்கிளைமேட் 2க்கு வாரன்ரி 60,000 மைல், அதாவது ஏறக்குறைய 96,000 கி.மீ. புதுசில 10/32, தேய்மானக் கோடு 2/32. தேயக்கூடியது 8/32. அப்ப 1/32 தேய ஏறக்குறைய 12,000 கி.மீ. ஸ்நோவுக்கு 5/32, அதாவது 4 எம்எம்முக்குக் கீழ போன ரயரை நம்பக்கூடாது. 10இல இருந்து 5க்கு வர 60,000 கி.மீ. நீங்கள் ஒக்ரோபரில பூட்டினால் நாலு வின்ரர் தாராளமா ஓடலாம், அஞ்சாவது வின்ரர் தொடங்கேக்க மட்டுமட்டா நிக்கும்.

வருசம் 30,000 ஓடுறவருக்கு இதே ரயர் ரெண்டு வின்ரர்தான், மூண்டாவதில முத்திரை மட்டும் மிஞ்சும். ஓல்வெதரின்ர உண்மையான பலவீனம் இதுதான். ஐஸ் கதை பிறகு. வின்ரர் ரயர் கோடையில தேயாமல் சும்மா கிடக்கும், ஓல்வெதர் கோடை முழுக்க ஸ்நோவுக்கு வேண்டிய ஆழத்தைத் தின்னும்.

நட்டும்_போல்ட்டும்
மாமி, வாரன்ரி இலக்கத்தை அப்பிடியே எடுக்காதையுங்கோ. பாரமான வாகனம், ரவுண் ஓட்டம், அலைன்மென்ற் கொஞ்சம் விலகினாலும் அது வராது. 20 வீதம் வெட்டிப் பாருங்கோ: 1/32க்கு 9,600 கி.மீ., 48,000இல 5/32. நாலாவது வின்ரர் தொடங்கேக்க 42,000 ஆகியிருக்கும், அந்த வின்ரருக்குள்ளயே எல்லைக்குக் கிட்ட வந்திடும்.

மோர்க்குழம்பு_மிசிசாகா
சரி, வெட்டியே பாப்போம். மூணு நல்ல வின்டர், நாலாவது சுமார். அதே ஆளு ரெண்டு செட் போட்டா? வின்டர் செட் வருஷத்துக்கு 6,000 கி.மீ. கூட ஓடாது. கட்டை தேயறதுக்குள்ள ஆறு ஏழு வருஷத்துல ரப்பர் இறுகிடும். பாதி ஆழம் மிச்சம் இருக்கறப்பவே தூக்கிப் போடணும். ரிம் நாலு, பிரஷர் சென்சார் நாலு, வருஷத்துக்கு ரெண்டு தடவை மாத்தற கூலி, கொண்டோக்காரருக்கு டயர் வெக்கற வாடகை. தடவைக்கு எல்லாம் சேத்து நூறு டாலர்னே வெச்சுக்கங்க, அஞ்சு வருஷத்துல ஆயிரம். அந்தக் காசுக்கு ஆல்வெதரை 5/32லயே கழட்டி வீசிட்டுப் புதுசு போடலாம். குறைவா ஓட்டறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: ஆல்வெதரைக் கடைசிக் கோடு வரைக்கும் ஓட்டாதீங்க, 4 எம்எம்ல கழட்டிருங்க.

நட்டும்_போல்ட்டும்
4 எம்எம்மில கழட்டிறது எண்டு உறுதியா இருந்தால் நான் பாதி ஒத்துக்கொள்ளுறன். ஆனால் பத்தில எட்டுப் பேர் கழட்டாயினம். இன்னும் நல்லாத்தானே கிடக்கு எண்டு அடுத்த வின்ரரும் ஓடுவினம்.

அஜக்ஸ்_அப்பா
ஒக்ரோபரில அளந்து, 5/32க்கு வந்திட்டால் மாத்துறன். ஓல்வெதருக்கே போறன் போல கிடக்கு. பூட்டேக்க எதைக் கவனிக்கவேணும்?

நட்டும்_போல்ட்டும்
சரி, நீங்கள் தீர்மானிச்சாச்சு. பிழை பெரும்பாலும் கடையிலதான் நடக்கும்.

பூட்ட முதல் பக்கச் சுவரில டிஓடி எழுத்துகளுக்குப் பிறகு கடைசி நாலு இலக்கத்தை வாசியுங்கோ. 3525 எண்டால் 2025இன்ர 35ஆம் கிழமை செய்தது. ரெண்டு வருசத்துக்கு மேல பழசு எண்டால் வேற கேளுங்கோ. பாரக் குறி 102க்குக் குறையக்கூடாது, 102 எண்டால் ஒரு ரயருக்கு 850 கிலோ. 106 எக்ஸ்எல் (கூடப் பாரம் தாங்கிறது) தந்தால் பிரச்சினை இல்லை, ஆனால் காத்து கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவுக்குத்தான்.

கிராஸ்கிளைமேட் 2 மாதிரி வி வடிவக் கட்டை எண்டால் சுவரில ஒரு அம்புக்குறி இருக்கும். வெளிக்கிட முதல் நாலு சில்லையும் சுத்திப் பாருங்கோ, மேல் பக்கத்து அம்பு வாகனத்தின்ர முகம் பாத்துக் கிடக்கவேணும். ஒண்டு மாறிப் பூட்டியிருந்தால் அந்தச் சில்லு தண்ணியை வெளியில தள்ளாமல் நடுவுக்கு இழுக்கும். 10,000 கி.மீ.க்கு ஒருக்கா முன்னும் பின்னும் மட்டும் மாத்தலாம், இடம் வலம் மாத்த ஏலாது. அப்பிடி மாத்தாமல் விட்டால் கட்டையள் பல்லுப் பல்லாத் தேய்ஞ்சு, பிறகு பெயரிங் போனமாதிரி ஒரு முழக்கம் வரும்.

நட்டு இறுக்கம் 103 நியூட்டன் மீற்றர், அதாவது 76 இறாத்தல் அடி. காத்துத் துவக்கால அடிச்சுப்போட்டு விடுவினம். இறுக்கத்தை அளக்கிற டோர்க் றெஞ்ச் வைக்கச் சொல்லி நிண்டு பாருங்கோ, 100 கி.மீ. ஓடினாப்பிறகு நீங்களே ஒருக்கா வைச்சுப் பாருங்கோ. சில்லு உக்காருற ஹப்பில உப்புத் துரு இருந்தால் கம்பித் தூரிகையால உரஞ்சிப்போட்டுத்தான் சில்லைப் போடவேணும். துருவுக்கு மேல பூட்டினால் முதல் நாள் இறுக்கமா இருக்கும், துரு நொருங்கினவுடன நட்டு இளகும்.

மோர்க்குழம்பு_மிசிசாகா
ஒண்ணு விட்டுட்டீங்க. கடைக்குள்ள 20 டிகிரியில காத்து 33 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு அடிச்சு அனுப்புவாங்க. 5.6 டிகிரி எறங்கினா 1 பிஎஸ்ஐ குறையும். வெளியில -15னா 6 போயி 27ல நிக்கும். எச்சரிக்கை விளக்கு 25 சதவீதம் குறைஞ்சாத்தான் எரியும், அதாவது 25க்குப் பக்கத்துல. அதுவரைக்கும் தெரியாமலே மெத்து டயர்ல ஓட்டுவீங்க. வின்டர்ல காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி வெளியிலயே வெச்சு அளந்து 33 ஆக்குங்க. சூடான பார்க்கிங்ல அளக்கறீங்கன்னா 5, 6 கூட வெச்சுக்கங்க.

நட்டும்_போல்ட்டும்
அது சரியான கதை.

எங்கட பக்கத்தில இருந்தும் ஒண்டு. ரெண்டு செற்காரர் வருசத்துக்கு ரெண்டு தரம் சில்லைக் கழட்டுறதால பிறேக் கண்ணில படும். ஓல்வெதர்காரர் கழட்டுறதே இல்லை. உப்பில காலிப்பரின்ர (பிறேக் பாட்டை அமத்திற பகுதி) சிலைட் பின் இறுகி, உள்பக்கப் பாட் மட்டும் இரும்புக்குத் தேய்ஞ்சிடும். முன் - பின் மாத்தேக்க அந்தச் சிலைட் பின்னைக் கழட்டித் துடைச்சு, சிலிக்கோன் பிறேக் கிறீஸ் போடச் சொல்லிக் கேளுங்கோ. கேக்காட்டில் செய்யமாட்டினம்.

மொன்றியல்_மாமி
இஞ்ச வெளிக்கிட முதல் வழியில கிங்ஸ்டன் - கோர்ன்வால் பக்கம் வானிலை பாருங்கோ. உறைமழை எச்சரிக்கை இருந்தால் பயணத்தைப் பின்போடுங்கோ. அதில எந்த ரயரும் நிக்காது, நட்டும் போல்ட்டும் தம்பி பூட்டுற வின்ரர் ரயரும் நிக்காது.