தங்க நிற ஆஸ்டன் மார்ட்டின் கைக்கு வந்தபோது

இங்கிலாந்தில் பழைய பொம்மைச் சந்தைகளுக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் தேடுவது தங்க நிறத்தைத்தான். பிரிட்டிஷ் பொம்மை நிறுவனமான கார்கி 1965-இல் வெளியிட்ட, ஜேம்ஸ் பாண்டின் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 பொம்மைக் கார். பெட்டியில் எண் 261 என்று இருக்கும். 1964-இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' படத்தில் அந்தக் காருக்கு வெள்ளி நிறம். பொம்மைக்கும் அதே நிறம் பூசினால் பெயிண்டே அடிக்காத வெறும் உலோகம் போலத் தோன்றும் என்று கருதித்தான் கார்கியில் தங்க நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அன்று ஒரே மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல் பளபளத்தது. மற்றொன்றில் கூரை ஓரமும் பானெட் நுனியும் தேய்ந்து, துத்தநாகக் கலவையின் சாம்பல் நிறம் தெரிந்தது. பளபளத்ததை முதலில் திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டைப் பிடித்திருக்க வேண்டிய ரிவெட்டுகளைத் துளையிட்டு நீக்கி, அந்த இடத்தில் திருகுகளைப் பொருத்தியிருந்தார்கள். வண்டியைப் பிரித்து மறுபடி பெயிண்ட் அடித்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நேர்த்தியான வேலைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மேசையில் வைத்துவிட்டேன்.

தேய்ந்ததை எடுத்ததும் மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர், "தயங்காமல் அழுத்திப் பாருங்கள், அதற்காகத்தான் செய்தார்கள்" என்றார். பின்னாலிருந்த புகைக்குழாய்களை விரலால் உள்ளே தள்ளினேன். பின் கண்ணாடிக்குப் பின்னால் குண்டு துளைக்காத கவசத் தகடு சட்டென்று எழுந்து நின்றது. பக்கவாட்டு விசையைத் தொட்டதும் முன்பக்கம் இரு துப்பாக்கிகள் எட்டிப் பார்த்தன. இன்னொரு விசைக்குக் கூரைக் கதவு திறந்து, வில்லனின் ஆள் இருக்கையோடு எகிறி, பக்கத்து மேசையில் இருந்த இரட்டை மாடி பஸ்கள் நடுவே போய் விழுந்தான். வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் இருந்த கார்கி தொழிற்சாலையில் அறுபதுகளில் பொருத்திய சுருள்வில் இன்னும் தளரவில்லை!

அந்தச் சின்ன மனிதன் தொலைந்துபோவான் என்பது செய்தவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பெட்டிக்குள் ரகசியக் குறிப்புகள் கொண்ட உறையில் உபரியாக இன்னொருவனையும் போட்டு அனுப்பினார்கள். இன்று சந்தையில் கிடைப்பவர்களில் பலர் புதிதாக வார்க்கப்பட்ட நகல்கள். பெட்டிகளிலும் நகல் உண்டு. அசல் உறையோடு கிடைத்தால் விலை வேறு மாதிரி. என் காருக்குப் பெட்டியும் இல்லை, உறையும் இல்லை. அதனால்தான் என்னால் வாங்க முடிந்தது.

1968-இல் கார்கி இதையே சற்றுப் பெரிதாக, வெள்ளி நிறத்தில், எண் 270 ஆகக் கொண்டுவந்தது. சுழலும் நம்பர் பிளேட்டுகளும், பின் சக்கரங்களிலிருந்து நீளும் டயர் கிழிக்கும் கத்திகளும் அதில் கூடுதல். படத்துக்கு நெருக்கமானது அதுதான். இருந்தும் என் ஓட்டு தங்கத்துக்கே. கையிலிருந்த, முந்தைய மாடலான டிபி4 பொம்மையின் வார்ப்பு அச்சை மாற்றியமைத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் வண்டிக்குள் இத்தனை விசைகளை நுழைத்த அந்த முதல் துணிச்சல் அதில்தான் இருக்கிறது.

சில நண்பர்கள் கண்ணாடிப் பேழையை விட்டு வெளியே எடுப்பதில்லை. அது அவர்கள் விருப்பம். நான் வீட்டுக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத் தாராளமாகக் கொடுக்கிறேன். ஒரே நிபந்தனை: எகிறிப் போனவன் அகப்படும்வரை யாரும் அறையை விட்டு நகரக் கூடாது.