அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இல்லை. இத்தாலிக்கு டிக்கெட் போடலாமா? அனுபவசாலிகள் உதவுங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஓர் ஆசிரியை

எல்லோருக்கும் வணக்கம். அப்பா, அம்மா, நான் மூவரும் வரும் மே மாதம் ஐரோப்பா போக ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். மூவருக்குமே இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். அப்பாவுக்கு 64 வயது, மஞ்சள் விவசாயி. ரோமாபுரியை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருப்பார். மஞ்சளை வெட்டி, வேகவைத்து, காயவைத்து மண்டிக்கு அனுப்பிவிட்டால் மே மாதம் காட்டில் பெரிய வேலை இருக்காது. எனக்கும் பள்ளி விடுமுறை. அதனால்தான் அந்த மாதம்.

இங்கே ஒரு பயண முகவர் போட்டுக் கொடுத்த திட்டம் இது: 10 நாட்களில் ரோம், பீசா, ஃபிளாரன்ஸ், வெனிஸ், மிலான், லூசர்ன், பாரிஸ். கோவையிலிருந்து ஷார்ஜா வரை ஒரு டிக்கெட். அங்கிருந்து இத்தாலிக்கு வேறொரு நிறுவனத்தின் தனி டிக்கெட். இப்படிப் போனால் ஆளுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் மிச்சம் என்கிறார்.

நேற்று அவர் அனுப்பிய முன்பதிவுத் தாளைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. அப்பாவின் பாஸ்போர்ட்டில் அவருடைய பெயர் மட்டும்தான் இருக்கிறது; குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. டிக்கெட்டிலோ குடும்பப் பெயர் என்ற இடத்தில் இனிஷியலைப் போட்டிருக்கிறார்கள். அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது, என்னுடையதிலும் அப்படியே. ஒரே குடும்பத்தில் மூன்று பேர் இரண்டு விதமாக இருக்கிறோம். "ஒன்றும் ஆகாது, வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டுங்கள்" என்கிறார் முகவர். கட்டலாமா?

இன்னொரு கவலை, அம்மாவுக்கு முழங்கால் வலி. படி ஏறினால் அன்றிரவு தூக்கம் இருக்காது.

பதில்: திருப்பூரிலிருந்து, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்ப்பவர்

வணக்கம் சகோதரி. தயவுசெய்து வெள்ளிக்கிழமை பணம் கட்ட வேண்டாம். இரண்டு காரணங்கள் இருக்கின்றன. இரண்டாவதை உங்கள் முகவர் யோசித்ததாகவே தெரியவில்லை.

முதலாவது, இனிஷியல். நம் பக்கத்தில் பாதிப் பேரின் பாஸ்போர்ட் உங்கள் அப்பாவுடையதைப் போலத்தான் இருக்கிறது. நமக்குத் தந்தை பெயர் உண்டு, ஊர்ப் பெயர் உண்டு, குலப் பெயர் உண்டு. விமான நிறுவனத்தின் கணினி கேட்கிற குடும்பப் பெயர் மட்டும் கிடையாது. கணினியோ அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதிக்காது. இதற்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வழி வைத்திருக்கிறது. சிலர் இருக்கும் ஒரே பெயரை இரண்டு கட்டங்களிலும் எழுதச் சொல்கிறார்கள். சிலர் பெயர் இல்லை என்பதைக் காட்டும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடச் சொல்கிறார்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத இனிஷியலைப் போடும்படி எந்த நிறுவனமும் சொல்லி நான் கேட்டதில்லை. என் முதல் பயணத்தில் இதே தவற்றோடு ஒரு டிக்கெட் எனக்கும் கிடைத்தது. விமான நிலையக் கவுண்ட்டரில் ஒன்றரை மணி நேரம் நின்று, பெயர் திருத்தக் கட்டணமும் கட்டி, கடைசி ஆளாக விமானம் ஏறினேன். எனக்கு அப்போது 29 வயது. 64 வயதில் உங்கள் அப்பா அப்படி நிற்கக் கூடாது.

செய்ய வேண்டியது எளிது. எந்த நிறுவனத்தில் பறக்கப் போகிறீர்களோ அதன் உதவி எண்ணை நீங்களே அழைத்து, "பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது, எப்படிப் பதிவு செய்வது?" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலிலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விசா படிவம், காப்பீடு, விடுதிப் பதிவு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மே மாதத்துக்கு நாள் இருப்பதால் பாஸ்போர்ட்டையே குடும்பப் பெயருடன் மறுவெளியீடு செய்துகொள்வது நல்லது. அதை விசா விண்ணப்பத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் எல்லாத் தாள்களையும் மறுபடி எடுக்க நேரும்.

இரண்டாவது, ஷார்ஜா. இரண்டு தனி டிக்கெட் என்றால், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க அங்கே குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வர வேண்டியிருக்கும். அதற்கு அமீரக விசா வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள் சுற்றுலா விசாவில் நுழைய முடியாது என்று அறிவித்தது. தந்தை பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்பதாகச் சில தளர்வுகள் உடனே வந்தன. ஆனாலும் முதல் பயணத்தில் அந்தத் தளர்வை நம்பி நடுவழியில் இறங்க வேண்டாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டும் போய்விடும். தனித்தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பதினெட்டாயிரம் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று பேரின் பயணத்தையும் பணயம் வைக்காதீர்கள்.

கொச்சி, சென்னை, பெங்களூரு ஏதாவது ஓரிடத்திலிருந்து ரோம் வரை ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள். பெட்டி நேராக ரோமில்தான் இறங்கும். கோவையிலிருந்து பாலக்காடு வழியாகக் கொச்சி விமான நிலையத்துக்கு நான்கு மணி நேரத்தில் போய்விடலாம்.

பதில்: கோவை பீளமேட்டிலிருந்து, சென்ற ஆண்டு மாமியாரை இத்தாலிக்கு அழைத்துச் சென்ற ஒருவர்

அம்மிணி, திருப்பூர் சகோதரர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நான் ஊர்களின் எண்ணிக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 10 நாட்களில் ஏழு ஊர் என்றால் உங்கள் பெற்றோர் ரயில் நிலையங்களைத்தான் பார்ப்பார்கள். காலையில் பெட்டி கட்டி, மதியம் ரயில் ஏறி, மாலையில் விடுதி தேடுவதிலேயே ஓர் ஊருக்கு அரை நாள் போய்விடும். ரோமில் நான்கு இரவு, ஃபிளாரன்ஸில் மூன்று, வெனிஸில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோமிலிருந்து ஃபிளாரன்ஸுக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸுக்கு இரண்டேகால் மணி நேரம். பாரிஸும் லூசர்னும் இன்னொரு மே மாதத்துக்கு இருக்கட்டும்.

விசாவுக்கும் இது வசதி. ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். ஒரே நாடு என்றால் குழப்பமே இல்லை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். கோடைக்கு முன் கூட்டம் சேரும் என்பதால் பிப்ரவரியிலேயே நாள் குறித்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கைரேகை கொடுக்க மூவரும் நேரில் போக வேண்டும். விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எதையும் வாங்காதீர்கள்.

அப்பா விவசாயி என்பதால் ஒன்று சொல்கிறேன். வருமான வரிக் கணக்கு இல்லையே என்று பயப்பட வேண்டாம். என் மாமியாருக்கும் இல்லை. பட்டா, சிட்டா, அடங்கல் நகல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையொப்பத்துடன் வைத்தோம். மஞ்சள் விற்ற மண்டிப் பட்டியலும், அந்தத் தொகை வரவான வங்கிக் கணக்கும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அடுக்கினோம். செலவை நான் ஏற்கிறேன் என்று ஒரு கடிதம். திரும்பி வர ஊரில் நிலமும் வேலையும் இருக்கிறது என்பதைத்தான் விசா அதிகாரிகள் பார்க்கிறார்கள். அதற்குப் பட்டாவை விட நல்ல சாட்சி ஏது?

பதில்: சென்னிமலையிலிருந்து, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

உங்கள் தந்தையின் ஆசையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை, மகளே. டிக்கெட், விசா பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் புறப்படும் முன் ஒரு நாள் அவரை எங்கள் பக்கத்துக் கொடுமணலுக்கு அழைத்து வாருங்கள். நொய்யல் ஆற்றின் வடகரை. சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லும் ஊர் இதுதான் என்பது அறிஞர் கருத்து. அகழாய்வில் இரும்பு உருக்கிய உலைகளும், மணிகள் செய்த பட்டறையும், தமிழி எழுத்துப் பொறித்த ஓடுகளும் கிடைத்த இடம். காங்கயம் அருகே படியூரில் வெட்டி எடுத்த பச்சைக்கல்லை இங்கே பட்டை தீட்டினார்கள். அந்தச் சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரர் துறைமுகமான முசிறிக்குப் போய், அங்கிருந்து கப்பலேறியது. நீங்கள் கொச்சிக்குப் போகப்போகும் அதே கணவாய்.

விலையாக வந்தது ரோமானியக் காசு. கோவையை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் 500-க்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் இருவரின் முகங்களும் அவற்றில் இருந்தன. ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) பணத்தை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டதும் கி.பி. முதலாம் நூற்றாண்டில்தான்.

ரோமில் கொலோசியத்துக்கு வாங்கும் டிக்கெட்டிலேயே ஃபோரம் எனப்படும் பழைய மன்றமும் பாலடைன் குன்றும் அடங்கும். கூட்டம் எல்லாம் கொலோசியத்தில்தான் நிற்கும். நீங்கள் மன்றத்தில் அதிக நேரம் செலவிடுங்கள். அங்கே மாக்சென்டியஸ் பசிலிக்கா என்று மூன்று பெரிய வளைவுகளோடு ஒரு கட்டடம் நிற்கிறது. அதன் அடியில் பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகு மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய மண்டி அது. வெள்ளலூர்க் காசில் முகம் பதித்த அகஸ்டஸ் குடியிருந்த வீடு பாலடைன் குன்றின் மேல். வாழ்நாள் முழுக்க மண்டிக்குச் சரக்கு அனுப்பிய மனிதரை அந்த இடத்தில் நிறுத்திச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்ட ஆசிரியை

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. முன்பதிவை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். அப்பாவின் பாஸ்போர்ட் மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்தாயிற்று. ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, "கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை படி" என்றார். மூன்று ஊர் போதும் என்று அவரே முடிவு சொல்லிவிட்டார். இனி அம்மாவின் முழங்காலும் சாப்பாடும்தான் பாக்கி.

பதில்: பீளமேடு

முழங்காலுக்கு முதல் எதிரி ரோமின் தெருக்கல். உள்ளங்கை அகலத்தில் கருங்கற்களைப் பதித்திருப்பார்கள். நடுநடுவே இடைவெளி, மழை பெய்தால் வழுக்கும். புதுச் செருப்போடு போகாதீர்கள். அடி தடித்த காலணியை இப்போதே வாங்கி, இரண்டு மாதம் காலையில் வாய்க்கால் கரையில் நடந்து பழகட்டும். கொலோசியத்தில் மின்தூக்கி இருக்கிறது. ஃபிளாரன்ஸ் மையப் பகுதி சமதளம், சின்னது. பேராலயக் குவிமாடத்தின் 463 படிகளை மட்டும் கீழே நின்று பார்த்தால் போதும். விடுதியில் மின்தூக்கி உண்டா என்று எழுதிக் கேட்டபின் பணம் கட்டுங்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் கிடையாது. என் மாமியார் முதல் இரவு மூன்று மாடி ஏறினார், மறுநாள் முழுக்க அறையிலேயே இருந்துவிட்டார். அந்த ஒரு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்.

கொலோசியம் டிக்கெட் பெயர் போட்டுத்தான் தருவார்கள், பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். சுமார் 30 நாள் முன்பு விற்பனை திறக்கும், அன்றே வாங்குங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்பதால் நெரிசல் தாங்காது, அந்த நாளைத் தவிருங்கள். வாடிகன் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஃபிளாரன்ஸில் உஃபிஸி ஓவியக் கூடமும், மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கிற அக்காதெமியா அருங்காட்சியகமும் திங்கட்கிழமை விடுமுறை. தாவீது ஐந்து மீட்டருக்கும் மேல் உயரம். கையில் புடைத்திருக்கும் நரம்பை அம்மாவுக்குக் காட்டுங்கள்.

சாப்பாட்டுக்குப் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் தாராளமாக எடுத்துப் போகலாம். ஊத்துக்குளி நெய் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பால் பொருளையும் இறைச்சியையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். தண்ணீர் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம். ரோம் தெருக்களில் 2,000-க்கும் மேற்பட்ட இரும்புக் குழாய்களில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளை வழியாகத் தண்ணீர் பீறிடும், குனியாமல் குடிக்கலாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

பதில்: திருப்பூர்

ஒன்று விட்டுப்போனது. ஐரோப்பாவில் 2025 அக்டோபர் முதல் நுழையும்போது கைரேகையும் முகப்படமும் பதிவு செய்கிறார்கள். வரிசை நீளலாம். அதனால் இறங்குகிற நாளில் வேறெந்த முன்பதிவும் வைக்காதீர்கள். ரோமின் ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து நகரின் முக்கிய ரயில் நிலையமான டெர்மினிக்கு நேர் ரயில் 14 யூரோ, 32 நிமிடம். டெர்மினியில் கைப்பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட ஆசிரியை

குறித்துக்கொண்டேன். அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். இப்போதும் சரக்கு வந்து இறங்குகிற சந்தை ஏதாவது அந்த ஊர்களில் இருக்கிறதா?

பதில்: சென்னிமலை

இருக்கிறது. வெனிஸில் ரியால்டோ சந்தை. நம் மிளகை விற்று அந்த நகரம் செழித்த காலத்திலும் வணிகம் அந்தக் கரையில்தான் நடந்தது. காய்கறிக் கடைகள் திங்கள் முதல் சனி வரை, மீன் செவ்வாய் முதல் சனி வரை, காலையில் மட்டும். ஒன்றாம் எண் பயணிகள் படகில் ரியால்டோ மெர்காத்தோ துறையில் இறங்கினால் பாலத்துப் படி ஏறாமலே சந்தைக்குள் போய்விடலாம், அம்மாவும் வரலாம். காலையிலேயே அங்கே இருங்கள்.