லைன் வீடுகளில் பிபி, சர்க்கரை: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பூலுவபட்டி செவிலியர்:

மக்களைத் தேடி மருத்துவம் என்கிற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து எங்கள் பகுதியில் பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே போய்ச் சேருகிறது. பிழைக்க வந்தவர்கள் வாடகைக்கு இருக்கும், வரிசையாகக் கட்டிய சின்னச் சின்ன லைன் வீடுகளில்தான் சிக்கல். தன்னார்வலர் பகலில் போனால் வரிசையாகப் பூட்டு தொங்கும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் வெளியே வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். அதனால் ஞாயிறு காலையில் பிபி கருவியோடு போக ஆரம்பித்தோம். துணி துவைப்பதும் கறி எடுத்து வருவதுமாக எல்லோரும் வாசலில் இருக்கிற நேரம்.

அப்படிக் கிடைத்தவர்தான் ஒடிசாக்காரர் ஒருவர். அயர்னிங் வேலை, முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கருவி 170/110 காட்டியது. "அக்கா, எனக்கு ஒன்னும் இல்லை. தலைவலிகூட இல்லை" என்கிறார். பிபி ஏறினால் தலை சுற்றும், படபடக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு நம் ஊர்க்காரர்களிடமும் இருப்பதுதான். பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து நேராகப் பக்கவாதத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அவரிடம் நோட்டீஸ் எதுவும் நீட்டவில்லை. அவருடைய அளவையே ஒரு அட்டையில் தேதி போட்டு எழுதிக் கையில் கொடுத்தோம். டாக்டர் அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை எழுதினார். வாரம் போகப் போக அட்டையில் எண் இறங்கியது, அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டது. 140/90-க்குக் கீழே வந்த அன்றைக்கு, "சரியாயிடுச்சுக்கா, நிறுத்திடட்டுமா?" என்றார். நிறையப் பேரை நாம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். மாத்திரை போடுவதால்தான் இறங்கியிருக்கிறது, நீங்களாக நிறுத்தினால் திரும்ப ஏறும் என்று அதே அட்டையைக் காட்டிச் சொன்னோம். பக்கத்து அறைக்காரர்களுக்கு அதை ஒடியாவில் எடுத்துச் சொன்னவர் அவரேதான். நான் சொன்னதைவிட நன்றாகவே போய்ச் சேர்ந்தது.

பல்லடம் மளிகைக்கடைக்காரர்:

நான் உப்பு, புளி விற்கிறவன்ங்க. ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்கு மேல் போகக்கூடாது என்று கடைக்கு வந்த நர்சம்மா சொன்னார். என்னிடம் சாமான் எடுக்கும் ஒரு மெஸ்ஸில் 20 பேர் சாப்பிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் நாளைக்கு 100 கிராம், ஒரு கிலோ பாக்கெட் 10 நாள் வரணும். அந்த மெஸ்காரர் நாலு நாளைக்கு ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். ஊறுகாய், அப்பளம், மிக்சரெல்லாம் அது போக. பீகார்காரர், அண்ணா அண்ணா என்று நல்ல பழக்கம். சொன்னதும் பில்லின் பின்பக்கத்தில் அவரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவ்வளவா அண்ணா?" என்றார். இப்போது வாரத்துக்கு ஒரு பாக்கெட். இன்னும் குறையணும். பையன்கள் முதலில் ருசி இல்லை என்று சத்தம் போட்டார்களாம், பச்சை மிளகாய், எலுமிச்சையை வைத்துச் சமாளித்திருக்கிறார். மெஸ் நடத்துகிறவர்களை மட்டும் கூப்பிட்டு யாராவது ஒரு கூட்டம் போடுங்க. இருபது பேர் நாக்கும் அவர் கையில்தான் இருக்குது.

உசிலம்பட்டி டெய்லர், இப்போது அனுப்பர்பாளையம்:

பிழைக்க வந்தவர்கள் என்றால் வடக்கத்திக்காரர்கள் மட்டுமில்லை, நாங்களும்தான். தமிழ் படிக்கத் தெரியும் என்பதால் எங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை 180 வந்தது. 126 வந்தாலே சர்க்கரை நோய்க் கணக்கு என்பது அன்றைக்குத்தான் தெரியும். நாள் முழுக்க மெஷின் முன்னால் உட்கார்ந்த வேலை, டீ டைமுக்கு பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும், ஓவர்டைம் என்றால் இன்னொரு டீ. சம்பளத்தில் ஈஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் காப்பீட்டுக்கு, பணம் பிடிக்கிறார்கள். அந்த அட்டையை வைத்து சர்க்கரை மாத்திரையும் வாங்கலாம் என்று கம்பெனியில் யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான் போனேன்.

பெருந்துறை மருந்துக்கடை:

ஒரே அறையில் ஒருவருக்கு எழுதிய சர்க்கரை மாத்திரையை மூன்று பேர் பங்கு போட்டுச் சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில் செய்வதுதான், ஆனால் ஆபத்து. காலி மாத்திரை அட்டையை மட்டும் காட்டி "இதே கொடுங்க அண்ணா" என்று வந்தால், யாருக்கு, எப்போது டெஸ்ட் எடுத்தது என்று கேட்காமல் நான் கொடுப்பதில்லை. அப்புறம் கைனி, வாயில் அடக்கும் புகையிலை. பொட்டலம் இங்கே தடை என்றாலும் எப்படியோ கிடைத்துவிடுகிறது. வாய்ப்புற்று என்றால் பயப்படுகிறார்கள், ஆனால் அதே கைனி பிபியையும் ஏற்றும் என்றால் நம்ப மறுக்கிறார்கள்.

பூலுவபட்டி செவிலியர்:

மளிகைக்கடை அண்ணா, அந்த உப்புக் கணக்கை இந்த ஞாயிறே எங்கள் பக்கத்து மெஸ்களில் சொல்லப்போகிறேன். கம்பெனி நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால், 2024-இல் தொடங்கிய தொழிலாளரைத் தேடி மருத்துவத்தில் வேலை நேரத்திலேயே பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யலாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்களிடம் மாத்திரையோடு அளவு எழுதிய அட்டையையும் பையில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே கிராமத்துச் சுகாதாரப் பணியாளரான ஆஷா அக்காவிடம் காட்டினால் பக்கத்து அரசு சுகாதார நிலையத்துக்கு வழி சொல்வார். சந்தேகம் இருந்தால் இங்கிருந்து 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம்.